அப்பா அம்மா கல்யாணப் படத்துக்கு ஓரம் மென்மையாக மறைய வேண்டும், ஆனால் அம்மாவின் கை மறையக் கூடாது

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். மண்டபத்து வாசலில் வைக்க அவர்களுடைய கல்யாணப் படத்தைப் பெரிதாகப் போடலாம் என்று எடுத்திருக்கிறேன். 1968-இல் மாயவரத்தில் ஒரு ஸ்டுடியோவில் இருவரும் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அளந்து பார்த்தேன்: அகலம் நாலே முக்கால் அங்குலம், உயரம் ஆறரை.

ஐம்பது வருடத்துக்கு மேல் கூடத்துச் சுவரில் தொங்கிய படம். இடது பக்கக் கீழ் மூலையை அரை அங்குலத்துக்குப் பூச்சி அரித்திருக்கிறது. மேல் ஓரம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதால், எடுக்கும்போது ஒரு கீற்று பிய்ந்து வந்துவிட்டது. முகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்திருக்கிறேன்.

பழைய படங்களில் ஓரம் அப்படியே கரைந்து வெள்ளையில் கலந்திருக்குமே, அதுபோல வந்தால் சேதமும் மறையும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் மடிக்கணினியில் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் 2.10 இருக்கிறது. கட்டம் கட்டவும் நிறத்தைக் கூட்டிக் குறைக்கவும் தெரியும், அதற்கு மேல் பழக்கம் இல்லை. வழி சொல்லுங்கள்.

பிக்சல்தாசன்:

கிம்பிலேயே இதற்கு ஒரு ஃபில்டர் இருக்கிறது அக்கா. ஃபில்டர்ஸ், அதில் டெகோர், அதில் ஃபஸி பார்டர். நிறத்தை வெள்ளை என்று வைத்து ஓகே கொடுத்தால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். நான் கல்லூரி விழாப் படங்களுக்கெல்லாம் அதைத்தான் போடுகிறேன்.

காவிரிக்கரை:

நன்றி தம்பி, செய்து பார்த்தேன். சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரிதான் வந்தது. அளவைக் கூட்டினால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி, பிய்த்த காகிதம் போலச் சொரசொரப்பாக வருகிறது. பழைய படத்தில் பார்க்கும் அந்த மென்மை வரவில்லை.

இருட்டறை:

வணக்கம்மா. கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் 1981 முதல் 2003 வரை டார்க் ரூம் வேலை பார்த்தவன் நான். நீங்கள் கேட்கும் ஓரத்தைக் கையாலேயே நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன். இப்போது பேரப்பிள்ளைகளின் படங்களுக்குக் கிம்பில் போடுகிறேன். இரண்டும் அடிப்படையில் ஒரே வேலை. அதனால் முதலில் பழைய முறையைச் சொல்கிறேன். அது பிடிபட்டால் கணினியில் எந்த எண்ணை எதற்கு மாற்றுகிறோம் என்பது தானாக விளங்கும்.

படம் அச்சிடும் புரோமைடு பேப்பர் பாக்கெட்டுக்குள் ஒளி புகாமல் இருக்கக் கறுப்புத் தாள் சுற்றி வரும். அந்தத் தாளை எறிய மாட்டோம். அதில் முட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை வெட்டி, ஓட்டையின் விளிம்பைக் கத்தரியால் ரம்பப் பல் மாதிரி நறுக்கிக்கொள்வோம். நெகடிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜர் கருவியின் விளக்கைப் போட்டதும் லென்ஸுக்கும் கீழே கிடக்கும் பேப்பருக்கும் நடுவில் அதைப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு விநாடி வெளிச்சம் என்றால் பன்னிரண்டு விநாடியும் கை மேலும் கீழுமாக மெதுவாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடி நின்றாலும் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். வெளிச்சம் படாத இடம், படத்தை எழும்ப வைக்கும் டெவலப்பர் கரைசலில் போட்ட பிறகும் வெள்ளையாகவே நிற்கும், பட்ட இடத்தில் முகம் எழும்பும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் அந்தப் பட்டைதான் நீங்கள் பார்த்த மென்மை.

தாளை லென்ஸ் பக்கம் தூக்கினால் ஓட்டை பெரிதாக விழும், விளிம்பு ரொம்ப மங்கும். பேப்பர் பக்கம் இறக்கினால் ஓட்டை சின்னதாகி விளிம்பு கூர்மையாகும். கணினியில் ஃபெதர் என்று, ஓரம் எவ்வளவு அகலத்துக்குக் கரைய வேண்டும் என்பதற்கு ஓர் எண் கேட்கும். அந்த எண்ணைக் கூட்டுவது தாளைத் தூக்குவது போல, குறைப்பது இறக்குவது போல. நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன்.

இந்த வித்தை நம் ஸ்டுடியோக்களில் பிறந்ததும் இல்லை. புரோமைடு தாள் வருவதற்கு வெகு காலம் முன்பு, தகட்டில் படம் எடுத்த நாளிலேயே, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜான் ஆடம்ஸ் விப்பிள் என்பவர் கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவில் ஓட்டை போட்ட அட்டையை அசைத்து ஓரத்தைக் கரைத்தார். 1849-இல் காப்புரிமையும் வாங்கினார். இதற்கு விக்னெட் என்று பெயர். பிரெஞ்சில் கொடிமுந்திரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழைய புத்தகங்களில் பக்க ஓரத்தில் கொடி வரைந்திருப்பார்கள் அல்லவா, அந்த வழக்கிலிருந்து.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். 600 டிபிஐ என்றால் 2850 பிக்சல் அகலம், 3900 உயரம். தம்பி சொன்ன ஃபில்டர் உங்களுக்கு மெல்லிய கோடாக வந்தது இதனால்தான். அதில் தொடக்கத்தில் இருக்கும் அளவு சின்னப் படத்துக்கானது, இவ்வளவு பெரிய ஸ்கேனில் கண்ணுக்கே தெரியாது. ஃபெதரும் அப்படியே. யாராவது இருபது என்று எழுதியிருந்தால் அதை நம்பிப் போடாதீர்கள். படத்தின் குறுகிய பக்கத்தில் பதினைந்தில் ஒரு பங்கு என்பது என் கைக்கணக்கு. உங்களுக்கு 190, சுமாராக 200.

செய்யும் வரிசை இது. ஸ்கேன் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து அதைத் திறங்கள். இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸ் போய் 3600-க்கு 5400 என்று கொடுத்து, சென்டர் பொத்தானை அழுத்துங்கள். 300 டிபிஐ-யில் அது பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், எல்லா லேபிலும் கிடைக்கும் அளவு. பக்கவாட்டில் 375 பிக்சலும் மேலும் கீழும் 750-உம் காலி இடம் கிடைக்கும். படம் கரைவதற்குச் சுற்றிலும் காற்று வேண்டும். விளிம்பு வரை அடைத்துக்கொண்டு நிற்கும் படத்தில் எவ்வளவு மென்மையான ஓரம் போட்டாலும் மூச்சு முட்டும். அடியில் ஒரு புது லேயர், அதாவது ஓர் அடுக்கு, சேர்த்து வெள்ளை நிரப்புங்கள்.

அப்புறம் பட லேயரைத் தேர்ந்துகொண்டு ஒளி புகும் இடம் வைக்க வசதியாக ஆல்ஃபா சேனல் சேர்த்துவிட்டு, முட்டை வடிவத் தேர்வுக் கருவியால் இருவரையும் சுற்றி ஒரு வடிவம் இழுங்கள். படத்தின் விளிம்பிலிருந்து 200 பிக்சலாவது உள்ளே தள்ளி இருக்கட்டும். ஃபெதர் என்பது கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு பக்கமும் பரவும். கோடு விளிம்பை ஒட்டி இருந்தால் பாதிக் கரைசல் வெட்டுப்பட்டு, அங்கே கத்தியால் நறுக்கிய மாதிரி தெரியும். செலக்ட் மெனுவில் ஃபெதர், 200. பிறகு லேயர் மெனுவில் மாஸ்க் போய் ஆட் லேயர் மாஸ்க் கொடுங்கள். மாஸ்க் என்பது படத்தை அழிக்காமல் மறைக்கும் முகமூடி. எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும் இடத்தில் செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ரப்பர் கருவியால் ஓரத்தை அழிக்க மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழித்தது போனதுதான். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். மனம் மாறினால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். டார்க் ரூமில் ஒரு தாள் கெட்டால் குப்பைதான், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். மாஸ்க்கை முதன்முதலில் பார்த்த அன்று இது அந்தக் காலத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

காவிரிக்கரை:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பூச்சி அரித்த மூலையும் மேல் கீற்றும் போன இடம் தெரியவில்லை. அப்பா முகத்தைச் சுற்றி வந்திருக்கும் அந்தக் கரைசல் அவ்வளவு அழகு.

ஆனால் அம்மா வந்து திரையைப் பார்த்துவிட்டு, “என் கை எங்கடி?” என்றார். படத்தில் அவர் வலது ஓரத்தில் நிற்கிறார், இடது கையைக் கீழே தொங்கவிட்டிருக்கிறார். மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல். அந்த வளையலுக்கும் படத்தின் விளிம்புக்கும் கால் அங்குலம்தான் இடைவெளி. முழங்கைக்குக் கீழே எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டது. ஃபெதரை 60 ஆக்கினால் கை வருகிறது, மென்மை போய்விடுகிறது. அம்மா வேறொன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. நடுவில் படம் பழுப்பாக இருக்கிறது, சுற்றி வெள்ளை பளிச்சென்று இருக்கிறது. சேரும் இடம் அழுக்குப் பிடித்த துணி மாதிரி தெரிகிறது.

மஞ்சள்வெயில்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக: அங்கே ஷிஃப்ட்டும் எஃப்6-உம் சேர்த்து அழுத்தினால் ஃபெதர் பெட்டி வரும். அதைவிட நல்ல வழி, ஃபெதரே இல்லாமல் மாஸ்க் போட்டுவிட்டு, பிராப்பர்ட்டீஸ் பலகத்தில் இருக்கும் ஃபெதர் குமிழை நகர்த்திப் பார்ப்பது. எத்தனை நாள் கழித்து வந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். கிம்பில் அந்தக் குமிழ் இல்லை. அதற்குப் பதில் கூர்மையான தேர்விலேயே மாஸ்க் போட்டு, மாஸ்க்கைச் சொடுக்கி, அதன் மேல் காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் ஃபில்டரைக் கொடுத்தால் கிட்டத்தட்ட அதே பலன்.

கைப்பேசியில் ஸ்னாப்சீடில் விக்னெட் இருக்கிறது. அது ஓரத்தை இருட்டாக்கவோ வெளிச்சமாக்கவோ செய்யும், வடிவம் வட்டம்தான். வாட்ஸாப் நிலைத்தகவலுக்குப் போதும். இந்தப் படத்தில் கையைத் தனியாகக் காப்பாற்ற அதில் வழி இல்லை.

இருட்டறை:

உங்கள் தாயார் கேட்டது நியாயம்மா. முட்டை வடிவம் போட்டதும் வேலை முடிந்தது என்று நான் நிறுத்தியது தப்பு. ஓரம் எங்கே கரைய வேண்டும் என்பதை அந்தப் படம்தான் சொல்ல வேண்டும். நாங்களும் எல்லாப் படத்துக்கும் ஒரே ஓட்டைத் தாளை வைத்திருக்கவில்லை. குழந்தை கையை நீட்டியிருந்தால் அந்தப் பக்கம் ஓட்டையை நீட்டி வெட்டுவோம். தோளில் மாலை அகலமாக இருந்தால் அதற்கேற்ப வெட்டுவோம். ஒரு நெகடிவுக்கு ஒரு தாள் என்று ஆகிப் போகும்.

உங்கள் சிக்கல் என்னவென்றால் கைக்கு வெளியே படமே 150 பிக்சல்தான் இருக்கிறது. 200 பிக்சல் மென்மைக்கு அங்கே இடம் கிடையாது. அதனால் இடத்தை உண்டாக்குவோம். அவர் பின்னால் இருப்பது ஸ்டுடியோ திரைதானே? அந்தத் திரையை வலது பக்கம் நீட்டிவிடுங்கள்.

மாஸ்க்கைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சின்னப் படத்தின் மேல் வலது சுட்டி அழுத்தி டிஸேபிள் கொடுங்கள், முழுப் படமும் தெரியும். லேயர் மெனுவில் லேயர் டு இமேஜ் சைஸ் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பழைய விளிம்புக்கு வெளியே தூரிகை ஒட்டாது. இப்போது மாஸ்க்கை விட்டுப் படத்தையே சொடுக்கித் தேர்ந்துகொண்டு, ஓர் இடத்தை இன்னோர் இடத்தில் நகலெடுத்துப் பூசும் குளோன் கருவியை எடுங்கள். கண்ட்ரோல் விசையோடு திரையில் ஆள் இல்லாத வெற்றுப் பகுதியைச் சொடுக்கினால் அதுதான் மூலம். மென்மையான பெரிய தூரிகையால் வலது விளிம்பைத் தாண்டி 300 பிக்சல் வரை திரையைப் பூசிக்கொண்டே போங்கள். மூலத்தை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரே கறை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும். ரொம்ப நுணுக்கமாகச் செய்ய வேண்டியதில்லை. எப்படியும் முக்கால் பங்கு கரைந்து போகப்போகிற இடம். கைக்குப் பக்கத்தில் முதல் ஒரு விரற்கடை மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.

அது முடிந்ததும் மாஸ்க்கைத் திரும்ப உயிர்ப்பித்து, மாஸ்க்கையே தேர்ந்துகொண்டு, வெள்ளை நிறத்தில் பூசுங்கள். தூரிகை விளிம்பு முழு மென்மை, அகலம் 400 பிக்சல், ஒப்பாசிட்டி என்ற அடர்த்தி 15 அல்லது 20. ஒரே இழுப்பில் கையைக் கொண்டுவந்துவிடாதீர்கள். நான்கைந்து முறை மேலே மேலே தடவுங்கள், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு இடத்தில் தொடங்கி. நாங்கள் தாளை அசைத்துக்கொண்டே இருந்தது போலத்தான் இதுவும். அடர்த்தியைக் கூட்டி ஒரே தடவையில் பூசினால் கைக்கு மட்டும் ஒரு சன்னல் திறந்த மாதிரி இருக்கும். வளையல் நன்றாகத் தெரிய வேண்டும், அதற்கு வெளியே திரை மங்க வேண்டும். இரண்டும் ஒரே சமயம் நடக்கும் இடத்தைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். படத்தைச் சிறிதாக்கி, நாற்காலியைத் தள்ளிப்போட்டு எட்ட இருந்து பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

பூச்சி அரித்த மூலைப் பக்கம் இதற்கு நேர்மாறாகக் கறுப்பால் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். முட்டை வடிவம் கோணியிருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பார்க்கிறவர் கண் முகத்துக்கும் கைக்கும்தான் போகும்.

இனி நிறம். புது வெள்ளையும் பழைய பழுப்பும் ஒட்டாது. படத்திலேயே ஆக வெளிச்சமான இடம் எது என்று பாருங்கள். உங்கள் தாயாரின் புடவையில் எங்காவது இருக்கும், அல்லது அப்பாவின் வேட்டியில். நிறம் பொறுக்கும் கருவியால் அந்த இடத்தைச் சொடுக்கி, அந்த நிறத்தை அடி லேயரில் நிரப்புங்கள். லேசான சந்தன நிறம் வரும். படம் எந்தத் தாளில் பிறந்ததோ அந்தத் தாளிலேயே கரைவது போல இருக்கும்.

பிறகு ஒரு சின்ன விஷயம், ஆனால் அச்சில் நன்றாகத் தெரிவது. பழைய படத்தில் பொடிமணல் மாதிரி துகள் இருக்கிறது. நீங்கள் நிரப்பிய நிறத்தில் துகளே இல்லை, கண்ணாடி போல வழவழப்பு. அதோடு, சாதாரண எட்டு பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். நீளமான மெல்லிய கரைசலில் அந்தப் படிகள் வளையம் வளையமாகக் கண்ணுக்குத் தெரியக்கூடும். இரண்டுக்கும் ஒரே மருந்து. அடி லேயருக்கு ஃபில்டர்ஸில் நாய்ஸ் போய், இருப்பதிலேயே குறைந்த அளவில் ஆர்ஜிபி நாய்ஸ் கொடுங்கள். நிறப் பொடியாக வராமல் ஒரே சாயலில் வர இண்டிபெண்டன்ட் என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். படத்தின் துகளோடு அது சேர்ந்துகொள்ளும்.

வேலைக் கோப்பை, லேயரும் மாஸ்க்கும் அப்படியே இருக்கும் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். லேபுக்கு ஜேபெக் கொடுங்கள், தரம் 95.

காவிரிக்கரை:

ஐயா, நான்கு நாள் கழித்து வருகிறேன். திரையை நீட்டும் வேலைக்கு ஒரு முழு மாலை ஆனது. முதலில் கறை வரிசையாகத்தான் வந்தது, நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து மூலத்தை மாற்றி மாற்றிப் பூசினேன். கைக்கு ஆறு தடவை தடவினேன். அடி நிறம் அம்மாவின் புடவைக் கரையிலிருந்து எடுத்தேன்.

லேபில் முதல் தடவை தவறு நடந்தது. ஓரம் இன்னும் நன்றாக வருமென்று நினைத்து, அடி லேயர் இல்லாமல் பிஎன்ஜி கொடுத்துவிட்டேன். அவர்கள் கணினியில் ஒளி புகும் இடமெல்லாம் கறுப்பாகி, இரவு வானத்தில் நிற்கிற மாதிரி அச்சாகி வந்தது. மறுபடி ஜேபெக் கொடுத்தேன். யாராவது இதே வேலை செய்தால் இதைக் கவனியுங்கள். சுற்று ஓரத்தில் ஒரு நூல் அளவு வெட்டியும் விட்டார்கள். சுற்றிலும் காலி இடம் விட்டிருந்ததால் பாதகமில்லை.

இரண்டாவது பிரதி வந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். சன்னல் பக்கம் எடுத்துப்போய் வளையலை எண்ணினார். பதினொன்று. பன்னிரண்டு போட்டார்களாம், ஸ்டுடியோவுக்கு வண்டியில் ஏறும்போது ஒன்று உடைந்துவிட்டதாம். இத்தனை வருடத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அப்பாவும் “ஆமாம், என் கையில் கீறியது” என்றார்.

நாளைக்குச் சட்டம் போடக் கொடுக்கிறேன். ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டுமா?

இருட்டறை:

படித்ததும் மனம் நிறைந்துவிட்டதம்மா. இருவருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு ஒன்றே ஒன்று. கண்ணாடி படத்தின் மேல் படக் கூடாது. பழைய படம் ஒட்டிக்கொண்டு பிய்ந்ததற்கு அதுதான் காரணம், மழைக்கால ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு மவுண்ட் அட்டை வைத்து, அதன் மேல் கண்ணாடி உட்காரும்படி கேளுங்கள். அட்டை பளீர் வெள்ளையாக வேண்டாம், உங்கள் அடி நிறத்தைவிட ஒரு சாயல் கூடுதலான சந்தனம் இருந்தால் எடுங்கள். அட்டையின் உள்விளிம்பு கரைசலை மிதிக்காமல், ஓரத்தில் கொஞ்சம் வெறும் நிறம் தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள். மண்டபத்து வாசலில் வெயில் நேராக விழாத பக்கமாக வையுங்கள்.

பழைய படத்தையும் எறிந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போடாமல், வெள்ளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் படுக்கைவாட்டில் வையுங்கள்.